ஓய்வுக்காலத்தைப் பினாங்கில் கழிக்கலாமா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

பணி ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நானும் என் மனைவியும் முதன்முறையாக மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போனோம். ஐந்து நாள் பயணம். காலையில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் இட்லி, பகலில் கொடிமலை ரயில், மாலையில் கடற்கரை. திரும்பும் விமானத்திலேயே "இங்கேயே வந்து இருந்துவிட்டால் என்ன?" என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. நாங்கள் தடுமாறித் தடுமாறிக் கற்றதை, முதல்முறையாக யோசிப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் வரிசைப்படுத்தித் தருகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு யோசிக்கும் அறுபது வயதுத் தம்பதியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஆசையைத் தனித்தனியாக எழுதுங்கள்

கணவன் ஒரு தாளில், மனைவி ஒரு தாளில். கலந்து பேசக் கூடாது. "பினாங்கில் எனக்கு என்ன வேண்டும்?" என்று பத்து வரி எழுதினால் போதும். என் தாளில் கடல், கோயில், சாப்பாடு, தமிழ்ப் பேச்சு என்று இருந்தது. அவள் தாளில் "சாயங்காலம் தனியாக நடந்துபோய் வர வேண்டும்", "அவசரத்துக்கு நல்ல ஆஸ்பத்திரி வேண்டும்" என்று இருந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு வரி.

பிறகு, ஒரு வாரச் சுற்றுலாவிலேயே கிடைத்துவிடக்கூடியதை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதற்காகத்தான் வீடு மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 2: விசாவையும் பணத்தையும் முதலிலேயே பாருங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் அதிகம். ஆசை வளர்ந்த பிறகு கணக்குப் பார்த்தால் கணக்கும் ஆசைக்கு வளைந்துவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் வரை போய்வரலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. புறப்படும் முன் இணையத்தில் வருகைப் பதிவு அட்டையை நிரப்பிவிட வேண்டும். 30 நாள் முடிந்ததும் எல்லையைத் தாண்டிவிட்டுத் திரும்ப வந்து தங்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை நம்பி ஓய்வுக்காலத்தைத் திட்டமிடாதீர்கள்.

நிரந்தரமாகத் தங்க நினைப்பவர்களுக்கான முக்கிய வழி, 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்னும் நீண்டகால விசாத் திட்டம். 2024 ஜூனில் வந்த விதிகளின்படி அதில் மூன்று முக்கிய நிலைகள் உண்டு. வெள்ளி நிலைக்கு மலேசிய வங்கியில் 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புநிதி, அதோடு குறைந்தது 6 லட்சம் மலேசிய ரிங்கிட்டுக்கு வீடு. விசா 5 ஆண்டு. தங்க நிலைக்கு 5 லட்சம் டாலர், 10 லட்சம் ரிங்கிட் வீடு, 15 ஆண்டு. பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர், 20 லட்சம் ரிங்கிட் வீடு, 20 ஆண்டு. விண்ணப்பத்தை அரசு உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் கொடுக்க முடியும்.

இந்த எண்களை நம் பணத்தில் போட்டுப் பாருங்கள். வெள்ளி நிலையிலேயே வைப்புநிதி ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல். வீட்டுக்கும் கோடிக்கு மேல். அதிலும் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநில அரசு தனியாக ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது. பினாங்கு தீவில் பொதுவாக அது 6 லட்சம் ரிங்கிட்டைவிட அதிகம். வாங்கிய வீட்டைப் பத்து ஆண்டுக்கு விற்க முடியாது. அறுபத்திரண்டு வயதில் வாங்கினால் எழுபத்திரண்டில்தான் கையைவிட்டுப் போகும். இந்த வரியை நாங்கள் இரண்டாம் முறை படித்தபோதுதான் அதன் கனம் புரிந்தது.

பணத்தை அனுப்புவதிலும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இதுபோன்ற முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு வங்கி 20 சதவீத வரியை முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

இந்த இடத்திலேயே "நமக்கு ஒத்துவராது" என்று தெரிந்தால் கவலை வேண்டாம். வருடத்துக்கு ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வரும் வழி எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதற்கும் கீழே உள்ள படிகள் பொருந்தும்.

படி 3: வெயிலில் ஒரு மாதம், மழையில் ஒரு மாதம்

ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு அழகாக இருக்கும். மழை குறைவு. சீனப் புத்தாண்டு, தைப்பூசம் என்று ஊரே கொண்டாட்டத்தில் இருக்கும். அந்த மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரு முறை போய் இருங்கள். மழை கொட்டும் காலம் அதுதான். 2017 நவம்பர் முதல் வாரத்தில் ஒரே இரவில் பெய்த மழையில் தீவின் பல பகுதிகள் மூழ்கின. வீடு பார்க்கும்போது "அந்த 2017 மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது?" என்று காவலாளியிடம் கேளுங்கள். முகவரிடம் கேட்பதைவிட அது மேல். சில ஆண்டுகளில் சுமத்ரா காட்டுத்தீயின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்துவந்து வானத்தையே மறைத்துவிடும்; 2015இலும் 2019இலும் அப்படி ஆனது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் இதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். கடலை ஒட்டிய தரைத்தளத்தில் வீடு எடுக்க ஆசைப்படுபவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் வருடம் முழுக்க ஒன்றுதான். பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25. நமக்குப் பழகியதுதான் என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் மார்கழி என்று ஒன்று வரும், அங்கே அது வராது. மனைவி அதிகம் ஏங்கியது அதற்குத்தான்.

படி 4: விடுதியை விட்டுக் குடித்தனப் பகுதியில் தங்குங்கள்

இரண்டு மாதத்தையும் ஹோட்டலில் கழித்தால் பரிசோதனை வீண். சமையலறையுள்ள வாடகை வீடு எடுங்கள். ஜார்ஜ் டவுனில் நடந்தே கோயிலுக்கும் கடைக்கும் போகலாம். கட்டடங்கள் பழையவை, படிகள் செங்குத்து. புலாவ் திக்குஸ் பகுதியில் சந்தையும் ஆஸ்பத்திரியும் பக்கம், வாடகை அதிகம். தஞ்சோங் பூங்கா பகுதியில் கடல் காற்று உண்டு. எதற்கும் வண்டி பிடிக்க வேண்டும். ஜெலுத்தோங்கில் சாதாரணக் குடும்பங்கள் நிறைய, விலையும் தாங்கும். நாங்கள் முதலில் கடற்கரையில் பத்து நாள் இருந்தோம், பிறகு ஜெலுத்தோங்குக்கு மாறிவிட்டோம்.

அப்புறம், நடந்து பாருங்கள். பழைய கடைவீடுகளின் முன்னால் 'காக்கி லீமா' என்னும் ஐந்தடி நடைபாதை ஓடும். வெயிலுக்கும் மழைக்கும் அருமையான நிழல். ஆனால் கடைக்குக் கடை தரை உயரம் மாறும். ஒரு இடத்தில் வழுவழு ஓடு, அடுத்த இடத்தில் திறந்த சாக்கடை. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை ஒரு வாரம் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

தினமும் செலவை நோட்டில் எழுதுங்கள். ரூபாயாக மாற்றாமல் ரிங்கிட்டிலேயே எழுதுங்கள். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். "எத்தனை வெள்ளி?" என்று கேட்க நீங்களும் இரண்டே நாளில் பழகிவிடுவீர்கள்.

படி 5: அங்கே நோயாளியாக இருந்து பாருங்கள்

உடம்பு நன்றாக இருக்கும்போது எந்த ஊரும் நல்ல ஊர்தான். நாம் தேடுவது படுத்தால் பார்த்துக்கொள்ளும் ஊரை. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாப் படியையும்விட இது முக்கியம்.

பினாங்கில் தனியார் மருத்துவமனைகள் நிறைய. கடலுக்கு அந்தப் பக்கம் மேடானிலிருந்து இந்தோனேசியர்கள் வைத்தியத்துக்கென்றே விமானம் ஏறி வருகிறார்கள். தரம் நல்ல தரம். செலவு முழுக்க உங்களுடையது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், குடிமக்கள் கொடுக்கும் சில வெள்ளி நமக்குப் பொருந்தாது. நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். அறுபதுக்கு மேல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு மலேசியக் காப்பீடு கிடைக்குமா, எந்த வயதுவரை புதுப்பிப்பார்கள், ஏற்கெனவே உள்ள நோயைச் சேர்ப்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

முதல் மாதத்திலேயே ஒரு பொது மருத்துவரிடம் சாதாரணப் பரிசோதனைக்குப் போங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் மூலப்பெயரை எழுதிக்கொண்டு மருந்துக்கடையில் விலை கேளுங்கள். இரவில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு முறை போய்ப் பாருங்கள்.

எங்களுக்கு இந்தப் பரிசோதனை தானாகவே வந்தது. அக்டோபர் மழையில் ஐந்தடி நடைபாதையில் மனைவி வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. நாங்கள் போன இடத்தில் கட்டும் மருந்தும் சரியாகக் கிடைத்தன. ஆனால் எந்தச் சோதனை எதற்கு என்று சொல்லாமலே பில் நீண்டது, ஒவ்வொன்றையும் நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினோரு நாள் அவள் படி இறங்கவில்லை. எதிர்வீட்டுச் சீன அம்மா தினமும் கஞ்சி வைத்து எடுத்துவருவார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. கஞ்சியில் அவர் போட்ட இஞ்சியை மோந்து பார்த்து மனைவி சிரிப்பாள், அவரும் சிரிப்பார். அந்தப் பதினோரு நாளில் அந்த ஊரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, முந்தைய பயணங்களில் தெரிந்ததைவிட அதிகம்.

படி 6: பல இனத்தாரோடு வாழ்வதை அன்றாடத்தில் பாருங்கள்

ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து இறங்கியதிலிருந்து இங்கே மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள், பர்மியர், சயாமியர் என்று எல்லோரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒரே சாலையிலும் அதன் பக்கத்திலும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தாய்க் கோயில், 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் இருக்கின்றன. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகனுக்கு வரும் ரதத்தின் முன் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதை நீங்களே பார்க்க வேண்டும். எனக்குக் கண் கலங்கியது.

இதெல்லாம் உண்மை. கூடவே, விடியற்காலை பாங்கும், பேய்த் திருவிழா மாதத்தில் இரவு முழுக்கச் சீனக் கூத்தின் மேளமும் ஊதுபத்திப் புகையும் உங்கள் சன்னலுக்குள் வரும். நம் கோயில் நாதஸ்வரம் அவர்கள் சன்னலுக்குள் போகும். அதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளும் மனம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் ஹொக்கியன் என்னும் சீனப் பேச்சு, அரசு அலுவலகத்தில் மலாய். தமிழ் லிட்டில் இந்தியாவில் போதும், எல்லா இடத்திலும் போதாது. போகும் முன் ஐம்பது மலாய்ச் சொல் கற்றுக்கொள்ளுங்கள். 'பெராப்பா' என்றால் எவ்வளவு, 'சாக்கிட்' என்றால் வலி, 'தெரிமா காசே' என்றால் நன்றி. 'கெடாய்' நம் கடைதான், 'கப்பால்' நம் கப்பல்தான். அதனால் பயம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அங்குள்ள தமிழர்கள் பல தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்பவர்கள். அவர்கள் பட்ட பாடும் அவர்கள் கட்டிய பள்ளியும் கோயிலும் அவர்களுடைய வரலாறு. "பசியாறியாச்சா?" என்று கேட்டு உபசரிப்பார்கள். நாம் விருந்தாளி. "எங்கள் ஊரில் இப்படி இல்லையே" என்று தொடங்கும் பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

படி 7: ஊரில் உள்ள கயிறுகளை எண்ணுங்கள்

மத்திய அரசு ஓய்வூதியர் ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும்; முகம் காட்டிக் கைபேசியிலேயே கொடுக்கும் வசதி இருக்கிறது, ஒரு முறை செய்து பழகிவிட்டுப் போங்கள். நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்து வரி நிலையும் வங்கிக் கணக்கின் வகையும் மாறலாம். ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். வீட்டை விற்காதீர்கள், குறைந்தது மூன்று வருடத்துக்கு. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியதால் அவசரத்துக்கு வருவது முன்னைவிட எளிது, ஆனாலும் அப்பா அம்மா இருக்கிறவர்கள் அந்த நான்கு மணி நேரத்தையும் அதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. இதை அங்கே இருக்கும்போதே, சாவகாசமாக ஒரு மாலையில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மில் ஒருவர் போன பிறகு மற்றவர் இங்கே தனியாக இருப்பாரா?

நாங்கள் ஜெலுத்தோங் வீட்டு மாடியில் தேநீர் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டோம். "நான் இருந்துவிடுவேன்" என்றேன். மனைவி எதிர்வீட்டுக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க இருக்கிற வரைக்கும் இந்த ஊர் போதும். அப்புறம் நான் கும்பகோணத்துக்கே போயிடுவேன்" என்றாள்.

விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு மாதம், அதே வீட்டில், அக்டோபரில். இந்த முறை போகும்போது எதிர்வீட்டு அம்மாவுக்கு நம் ஊர் வெற்றிலைப் பெட்டி ஒன்றை மனைவி வாங்கி வைத்திருக்கிறாள்.