பக்ஷாட் எவ்வளவு விரியும்? உங்கள் ஷாட்கனைக் காகிதத்தில் சோதிக்கும் முறை

அமெரிக்காவின் தென் கரோலினா கடலோரச் சதுப்புக் காடுகளில், நாய்களை விட்டு மான் விரட்டும் வேட்டை இன்றும் நடக்கிறது. புதருக்குள்ளிருந்து மான் பாய்ந்து வந்து மறைய ஓரிரு நொடிகள்தான் ஆகும். அதனால் அங்கே பலர் கையில் ரைபிள் இருக்காது. ஷாட்கனும், பல பெரிய ஈயக் குண்டுகள் அடைத்த பக்ஷாட் தோட்டாவும்தான் இருக்கும். இந்த வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஃபுல் சோக் போட்டால் இன்னும் தூரத்தில் சுடலாம்தானே?"

உங்கள் துப்பாக்கியில், உங்கள் தோட்டாவோடு அது என்ன செய்கிறது என்று காகிதம்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு குண்டு வயிற்றில் பட்டு ஓடும் மான் உடனே சாகாது. காட்டுக்குள் போய்க் கிடந்து துடித்துத்தான் சாகும். ஒரு காலைப் பொழுதும் நாலைந்து பெட்டித் தோட்டாவும் செலவழித்தால் அதைத் தவிர்க்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சோக்

குழலின் வாய்ப்பகுதியில் உள்ள சிறு குறுக்கம்தான் சோக். 12 கேஜ் (நம் ஊரில் '12 போர்' என்பது இதுதான்) குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம். சிலிண்டர் என்றால் குறுக்கமே இல்லை. இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் ஏறத்தாழ 0.010, மாடிஃபைடில் 0.020, ஃபுல்லில் 0.035 அங்குலம் குறுகும். கழற்றி மாட்டும் சோக் குழாய்களில் பலவற்றின் விளிம்பில் வெட்டுக்குறிகள் இருக்கும்: ஒன்று என்றால் ஃபுல், மூன்று என்றால் மாடிஃபைட், நான்கு என்றால் இம்ப்ரூவ்ட் சிலிண்டர்.

40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் குண்டுகள் சிலிண்டரில் 40 சதவீதம், மாடிஃபைட் 60, ஃபுல் 70 என்று ஓர் அட்டவணை எங்கும் கிடைக்கும். அது பறவைக்குச் சுடும் பொடிக் குண்டுகளுக்கானது. பக்ஷாட்டுக்கு அதை நம்பாதீர்கள்.

காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. டபுள் ஆட் (பெட்டியில் '00' என்று இருக்கும் அளவு) பக்ஷாட் குண்டு ஒன்றின் விட்டம் 0.33 அங்குலம். (பிரிட்டிஷ் முறையில் 'எஸ்.ஜி.' என்று அச்சிட்ட தோட்டாவைப் பார்த்தவர்களுக்கு: அதுவும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.) வழக்கமான இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவில் ஒன்பது குண்டுகள், அடுக்குக்கு மூன்றாக மூன்று அடுக்கு. அப்படி மூன்று குண்டுகள் ஒட்டி உட்கார 0.711 அங்குல விட்டம் வேண்டும். குழலில் இடம் இருக்கிறது. இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் 0.719, அங்கேயும் போய்விடும். மாடிஃபைடில் 0.709, உரசிக்கொண்டு போகும். ஃபுல் சோக்கில் 0.694தான். குண்டுகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, நசுங்கித்தான் வெளியே வர முடியும். நசுங்கிய ஈயம் நேராகப் பறக்காது. இறுக்கமான சோக் போட்டும் சிதறல் அகலமாக வந்தால் இதை நினைத்துப் பாருங்கள். அடுக்குக்கு மூன்றாக அடுக்கிய 0.30 அங்குல நம்பர் ஒன் குண்டுக்கு இந்த நெருக்கடி இல்லை. அது ஃபுல்லிலும் இடித்துக்கொள்ளாமல் போகும்.

பிறகு தோட்டா

என் அனுபவத்தில் சோக்கைவிடத் தோட்டாவை மாற்றும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரிகிறது. வெடிக்கும் கணத்தில் முன் அடுக்குகளின் பாரமெல்லாம் பின் அடுக்கின் மேல் விழும். அங்கேயே குண்டுகள் நசுங்கத் தொடங்கும். அதைத் தடுக்க ஆண்டிமனி கலந்த கடின ஈயம், செம்புப் பூச்சு, குண்டுகளுக்கு இடையே பிளாஸ்டிக் பொடி என்று வழிகள் உண்டு. மலிவுத் தோட்டாக்களில் இவை பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது வாட், அதாவது குண்டுகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் கிண்ணம். சாதாரண வாட் வாயைத் தாண்டியதும் முன்பக்கம் மலர்ந்து குண்டுகளை விட்டுவிடும். ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கண்ட்ரோல், ஹார்னடி நிறுவனத்தின் வெர்சடைட் போன்ற வாட்கள் குண்டுகளை இன்னும் சிறிது தூரம் பிடித்துக்கொண்டே போய், பின்பக்கமிருந்து வேகம் குறைந்து மெல்லப் பிரியும். இவற்றுக்குச் சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்ட் சிலிண்டரே போதும். இறுக்கமான சோக் அந்த வாட்டைக் கசக்கி அதன் வேலையைக் கெடுத்துவிடலாம்.

வேகத்தையும் கவனியுங்கள். நொடிக்கு 1325 அடி போகும் தோட்டாவைவிட 1145 அடி போகும் மெதுவான தோட்டா பொதுவாக நெருக்கமாக விழும். தோளுக்கும் இதம்.

இப்போது சோதனை

சுடுதளத்தில் பக்ஷாட் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்க வேண்டும். டபுள் ஆட் குண்டு 600 கஜத்துக்கு மேலும் போகக்கூடியது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியா என்று பார்த்தபிறகே சோக்கைக் கழற்றுங்கள்; சோக் மாட்டாமல் ஒருபோதும் சுடாதீர்கள், குழலின் மரை கெட்டுவிடும்.

1. நாலடிக்கு நாலடி பழுப்புக் காகிதத்தை அட்டையில் ஒட்டி, நடுவில் தெளிவான புள்ளி வையுங்கள். சிறிய காகிதம் வேண்டாம். வெளியே போன குண்டு எங்கே போனது என்பதுதான் நமக்கு முக்கியம்.

2. மாடிஃபைட் சோக்கோடு 15 கஜத்திலிருந்து, மேசையில் மணல்மூட்டையில் தாங்கி ஒருமுறை சுடுங்கள். குண்டுக் கூட்டத்தின் நடு, நீங்கள் குறிவைத்த புள்ளியில் இருக்கிறதா? மேலேயோ பக்கவாட்டிலோ விலகியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அதற்குமுன் மற்ற சோதனை வீண்.

3. 25 கஜத்துக்குப் போங்கள். ஒவ்வொரு சுடுதலுக்கும் புதுக் காகிதம், மொத்தம் மூன்று. ஒரே காகிதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்தது வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் சோக், தோட்டாவின் பெயர், தூரம் எழுதுங்கள்.

4. குறிப்புள்ளியைச் சுற்றி 10 அங்குல வட்டம் வரையுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ அவ்வளவுதான். உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்பதில் எட்டு உள்ளே வந்தால்தான் அந்தத் தூரத்தை நான் ஏற்பேன். பல துப்பாக்கிகளில் ஒன்பதாவது குண்டு மட்டும் தனியே விலகிப்போவதைப் பார்ப்பீர்கள்; அதனால்தான் எட்டுக் குண்டுத் தோட்டாக்களும் விற்கின்றன. கிடைத்தால் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள்.

5. இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தோட்டாவை அப்படியே வைத்து சோக்கை மாற்றுங்கள்; பிறகு சோக்கை அப்படியே வைத்துத் தோட்டாவை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் வந்த பலன் என்று தெரியாது.

6. சிறந்த இணையோடு ஐந்தைந்து கஜமாகப் பின்னால் போங்கள். எட்டு உள்ளே வராத தூரம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு ஐந்து கஜம் முன்னால் உள்ளதுதான் உங்கள் எல்லை. சாதாரணத் தோட்டாவுக்குச் சிலிண்டர் குழலில் கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய வாய்க்கணக்கு. அப்படிப் பார்த்தால் 25 கஜத்தில் 25 அங்குலம், அதாவது மானின் மார்பைவிட அகலம். எல்லை 20 கஜம் என்று வந்தாலும் வருத்தப்படாதீர்கள். அதற்குள் வரும் மானை மட்டும் சுடுங்கள்.

எந்த மாநிலத்தில் மானுக்குப் பக்ஷாட் சட்டப்படி செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஒற்றைக் குண்டான ஸ்லக் மட்டுமே அனுமதி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம்.

தேர்ந்த தோட்டாப் பெட்டியின் லாட் எண்ணை (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) காகிதத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் வேறு லாட் வாங்கினால், உங்கள் எல்லைத் தூரத்தில் அதையும் மூன்று காகிதம் சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.