ஐந்து வாட்டே தாராளம்

கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபையரில் சத்தம் போதவில்லை என்று வாட்டைக் கூட்டப் பார்க்காதீர்கள். முதலில் ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 96 டெசிபல் தருவதை மாட்டினால், பத்து மடங்கு பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கியதற்குச் சமம். ஒற்றை இ.எல்.84 வால்வின் ஐந்து வாட்டே கூடத்தை நிறைத்துவிடும்.

பல்லடம் பக்கத்தில் எங்களுக்கு வேறொரு தொல்லை. தறிகள் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மின்னழுத்தம் 245 வோல்ட்டைத் தொடும். 220க்குச் சுற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் என்றால், வால்வைச் சூடாக்கும், 6.3 வோல்ட் கேட்கும் ஹீட்டர் இழைக்கு 7 வோல்ட் போய்ச் சேரும். வால்வின் ஆயுள் குறையும். கோவையில் காயில் சுற்றும் பட்டறைகளுக்கா பஞ்சம்? 240க்கு மாற்றிச் சுற்றிக்கொண்டேன்.

ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலி சிக்னலை மட்டும் விட்டு, நேர்மின்சாரத்தைத் தடுக்கும் கப்ளிங் கெபாசிட்டர் பழையதென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் வால்வின் உள்தகடு செக்கச்செவேலென்று கனலும். பார்க்க அழகுதான், புது வால்வின் விலையைக் கேட்கும் வரை! கைவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் தேங்கியதை ரெசிஸ்டர் வழியே வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பொசுங்கிவிடும்.