‘ஐ ஃபீல் லவ்’ பேஸை வீட்டிலேயே வரவழைப்பது எப்படி

1977-ல் வந்த ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை முதலில் ஹெட்போன் போட்டு ஒரு முறை கேட்டுவிடுங்கள், இடது காதில் என்ன வருகிறது, வலது காதில் என்ன வருகிறது என்று தனித்தனியாகக் கவனித்து. டானா சம்மர் பாடியது, ஜியார்ஜியோ மோரோடரும் பீட் பெலோட்டும் மியூனிக்கில் தயாரித்தது, பேஸ் (பாட்டின் கீழ் ஸ்தாயி ஓட்டம்) முழுக்க மூக் மாடுலர் என்ற மின்னணு சின்தில் சீக்வென்சர் (நோட்டுகளைத் தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பது) வைத்து ஓட்டியது. அந்தச் சத்தத்துக்காகப் பலர் காசு கொடுத்து மூக் ப்ளக்-இன் வாங்குகிறார்கள், நானும் ரொம்ப நாள் ஆசிலேட்டரையே (சின்தில் ஒலி அலையை உருவாக்கும் பகுதி) திருகிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஓட்டத்தில் பாதிக்கு மேல் டிலேயில், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்து ஒலிக்க வைப்பதில் இருக்கிறது.

சின்த் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்த் மென்பொருள் இலவசம், அதுவே போதும். மோனோ மோடில் வைத்து இரண்டு ஆசிலேட்டரிலும் சாடூத் அலை போடுங்கள், ஒன்றை மட்டும் 5 சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஐந்து பங்கு) விலக்குங்கள். ஃபில்டர் 24 டிபி லோ-பாஸ் (கீழ்ச் சத்தத்தை மட்டும் விடுவது), கட்-ஆஃப் 250 ஹெர்ட்ஸ் பக்கம், ரெசொனன்ஸ் லேசாக. ஃபில்டர் என்வலப்பில் (ஃபில்டர் எப்படித் திறந்து மூடுகிறது என்பதில்) அட்டாக்கும் சஸ்டெயினும் பூஜ்யம், டிகே (அடங்கும் நேரம்) 180 மில்லிசெகண்ட் அளவு. இந்த டிகேயை மட்டும் பொறுமையாகக் காதால் சரிபாருங்கள்: நீண்டால் சத்தம் கொழகொழவென்று ஆகிவிடும், குறைந்தால் வெறும் டிக் டிக்.

அடுத்து டெம்போ. பழகுவதற்கு நிமிடத்துக்கு 126 பீட் வையுங்கள். ஒரு பீட்டுக்கு இரண்டு நோட் வீதம், கீழ் ஸ்தாயியில் சி, சி, ஜி, பி ஃப்ளாட் என்று எழுதுங்கள் (சி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ ஸ ப நி, கைசிகி நிஷாதம்). எல்லா நோட்டுக்கும் ஒரே வெலாசிட்டி (அழுத்தம்). நோட்டைச் சின்னதாக வெட்டி அடுத்த நோட்டுக்கு முன்னால் இடைவெளி விடுங்கள், அது இல்லாவிட்டால் அடுத்துச் செய்யப்போவது எடுபடாது.

இனி டிலே. ட்ராக்கை நகலெடுத்து, ஒன்றை முழுக்க இடதுபுறம், இன்னொன்றை முழுக்க வலதுபுறம் தள்ளுங்கள். வலதுபக்க ட்ராக்கில் மட்டும் டிலே போட்டு, வெட் (தாமதித்த சத்தத்தின் அளவு) 100 சதவீதம், ஃபீட்பேக் (அது மறுபடி மறுபடி எதிரொலிப்பது) பூஜ்யம் என்று வையுங்கள். நேரக் கணக்கு சுலபம்தான்: 60,000-ஐ 126-ஆல் வகுத்தால் ஒரு பீட் சுமார் 476 மில்லிசெகண்ட், அதில் கால்வாசி 119, அதுதான் டிலே நேரம். இப்போது ப்ளே செய்யுங்கள். நான்கு பீட்டுக்கு நீங்கள் எழுதியது எட்டு நோட், கேட்பது பதினாறு, அதுவும் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாகத் தாவித் தாவி. எனக்கு முதல் தடவை இது வந்தபோது அரைமணி நேரம் நிறுத்தாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம், வலது ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் நிற்பவருக்கு பேஸ் முழுக்க ஆஃப்-பீட்டாகக் கேட்கும், அதனால் கிக்கை (பெரிய ட்ரம்மின் அடி) இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கும்படி நட்டநடுவில் வைத்தே ஆக வேண்டும்.

அப்புறம் சுருதி. அந்த மூக் சின்த் சில நொடிகளிலேயே சுருதி விலகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவுசெய்து, நிறுத்தி, மறுபடி சுருதி சேர்த்து என்றுதான் அந்தப் பதிவு நடந்தது. நம் கம்ப்யூட்டர் துளிகூட விலகாது, அதனாலேயே உயிரில்லாமல் ஒலிக்கும். ஆசிலேட்டர் ட்ரிஃப்ட்டை (சுருதி தானாக அசையும் அளவு) கொஞ்சம் ஏற்றுங்கள், இரண்டு மூன்று சென்ட் அசைந்தால் போதும்.

ஹை-ஹாட்டுக்கு (ட்ரம் செட்டின் ஜோடித் தட்டு) ஒயிட் நாய்ஸை (‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்) ஹை-பாஸில் (மேல் சத்தத்தை மட்டும் விடும் ஃபில்டர்) விட்டுச் சின்ன என்வலப் கொடுத்தால் சரியாக வரும். கிக்கை மட்டும் சின்தில் தேடாதீர்கள். மூக் சின்தில் எடுத்த கிக் போதுமான அளவு கனமாக இல்லாததால் அதை ட்ரம்மர் கீத் ஃபோர்ஸி நிஜ ட்ரம்மில்தான் வாசித்தார். நீங்களும் ட்ரம் பேட் இருந்தால் கையால் தட்டிப் பதிவுசெய்யுங்கள், குவான்டைஸ் (தாளத்தை கம்ப்யூட்டர் நேர்ப்படுத்துவது) போட வேண்டாம்.