படத்தொடருக்கு ஒரே மூலக்கோப்பு

சொந்த அனுபவங்களை டிஜிட்டலில் தொடராக வரையும்போது, ஒவ்வொரு படத்தையும் புது கேன்வாஸில் தொடங்காதீர்கள். ஒரே ஒரு வெற்றுக் கோப்பைத் தயார் செய்து, அதையே நகலெடுத்து வரையுங்கள். அளவு 2480 × 3508 பிக்சல் (300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், ஏ4 தாள்), தனி லேயரில் (படத்தின் மேல் கண்ணாடித்தாள் போல இருக்கும் அடுக்கில்) ஆறு வண்ணப் பொட்டுகள், பயன்படுத்தப்போகும் இரண்டு பிரஷ்களில் ஒவ்வொன்றாலும் ஒரு கீற்று. இவ்வளவு போதும்.

பள்ளி வராந்தாவும் ஆஸ்பத்திரி அறையும் ஒரே ஆளின் நினைவுகளாகத் தெரிவது வண்ணத்தாலும் கோட்டாலும்தான். பொட்டிலிருந்து ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுக்கும் கருவி) எடுத்தால் பத்தாவது படத்திலும் அதே மங்கிய மஞ்சள் வரும். கண்ணால் பார்த்துக் கலந்தால் எங்காவது பிசகும். அளவை முதலிலேயே பெரிதாக வைப்பது ஏனென்றால், பிக்சல் படத்தைப் பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மழுங்கிவிடும். சேமித்து அனுப்பும் முன் பொட்டு லேயரை மறைத்துவிடுங்கள் (நான் மறந்து அனுப்பியிருக்கிறேன்).

வெக்டரில் (கோடுகளைப் பிக்சலாக அல்லாமல் கணித வடிவமாகச் சேமிக்கும் முறையில்) வரைபவர்களுக்கு இந்த அளவுக் கவலை கிடையாது. மனநிலைக்கேற்ப ஒவ்வொரு படத்துக்கும் வேறு நிறம் என்பதுதான் உங்கள் திட்டமென்றால் பொட்டுகள் இடைஞ்சலே. பிரஷ்களை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.