பாக்காவ் (அலையாத்தி) காட்டில் சிப்பி, நத்தை எண்ணுவது எப்படி?

சிலாங்கூரில் புக்கிட் ரோத்தான் பக்கம் சிப்புட் செடுட் நத்தை என்றால் சந்தையில் வாங்கி, வாலை நறுக்கி, தேங்காய்ப்பாலில் லெமாக் வைத்து உறிஞ்சிச் சாப்பிடுவதோடு சரி. அது காட்டில் எந்த இடத்தில், யாரோடு சேர்ந்து வாழ்கிறது என்று கணக்கெடுக்க, பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

முதலில் நேரம். மலேசியக் கடற்படையின் ஹைட்ரோகிராபி மையம் வெளியிடும் நீர்மட்ட அட்டவணையில் நீர் நன்றாக வற்றும் நாளைத் தேடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அமையும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய், ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். ரப்பர் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும். பால்மரம் வெட்டுபவர்கள் போடும் அடிடாஸ் கம்போங் என்ற ரப்பர் காலணிதான் தோது.

அடுத்து, பிவிசி பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். கடலோரம் அப்பி-அப்பி மரங்கள், நடுவில் முட்டுக்கால் வேருள்ள பாக்காவ் மரங்கள், செம்பனைத் தோட்டத்து மண்கரையை ஒட்டிய உள்பகுதி என மூன்று இடங்களிலும் ஐந்தைந்து முறை சட்டத்தை வையுங்கள். நத்தை நிறைய தெரிகிற இடமாகப் பார்த்து வைக்கக் கூடாது. ராஃபியா கயிறு கட்டி, அதையொட்டிப் பத்து மீட்டருக்கு ஒன்று என்று வையுங்கள். ஒன்றுமே இல்லாத சட்டத்துக்கும் பூஜ்யம் எழுத வேண்டும்.

இனி எண்ணலாம். புதிதாக வருபவர்கள் குனிந்து சேற்றை மட்டும் பார்ப்பார்கள். அங்கே கூம்பாக நீண்ட டெலஸ்கோபியம் நத்தை கண்ணில் படும், அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். நிமிர்ந்து பாருங்கள். நம் சிப்புட் செடுட், அதாவது செரித்தீடியா ஒப்டூசா, நீர் ஏறும்போது மரத்தில் ஏறிக்கொள்ளும். சில சமயம் உடலை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, மெல்லிய சளி இழை ஒன்றில் பட்டையிலிருந்து தொங்கும். விரல் பட்டாலே விழுந்துவிடும். அதனால் தொடுவதற்கு முன் எண்ணுங்கள். கறுப்பு வரியோடிய நெரிட்டா நத்தை வேரிலும் அடிமரத்திலும், சின்ன லிட்டொராரியா நத்தை இலையிலும்கூட இருக்கும். சட்டத்துக்குள் நிற்கும் மரத்தை இரண்டு மீட்டர் உயரம் வரை பாருங்கள். தரையில் எண்ணியது தனி, மரத்தில் எண்ணியது தனி.

உள்பகுதியில் காய்ந்த இலையையும் விழுந்த கட்டையையும் புரட்டினால் காது வடிவ எல்லோபியம் நத்தை கிடைக்கலாம். புரட்டியதைப் பழையபடி வைத்துவிடுங்கள். சேற்றில் பாதி புதைந்த லோக்கான் சிப்பியும் இந்தப் பக்கம்தான். கெராங் சிப்பியை மரத்தடியில் தேடாதீர்கள், அது கடலோரச் சேற்றுவெளிக்காரன்.

ஓட்டின் வாயில் மூடி இருந்தால் நத்தை, கால் நீட்டினால் துறவி நண்டு. நண்டைச் சேர்க்காதீர்கள், காலி ஓட்டையும் விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஐந்து சட்டங்களின் சராசரி எடுத்தால், சதுர மீட்டருக்கு எத்தனை என்று வரும். பெயர் தெரியாததற்கு ‘கறுப்பு 1’, ‘கறுப்பு 2’ என்று எழுதி, முதுகு ஒன்று, வாய்ப்பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுத்து உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போடுங்கள். வாய்ப்பக்கப் படம் இல்லாமல் பல நத்தைகளைப் பிரித்துச் சொல்லவே முடியாது.