பைத்தான்: ஒரு பிழைக்கு இரண்டு ட்ரேஸ்பேக் வந்தால் எதைப் படிப்பது?

ட்ரை, எக்ஸெப்ட் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். ட்ரேஸ்பேக் என்பது பிழை எந்த வரியில், எப்படி வந்தது என்று பைத்தான் காட்டும் அறிக்கை.

மன்னார்குடியில் நெல் வியாபாரம் பார்க்கும் மச்சானிடம் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. மேட்டூர் அணையின் தினசரி நீர்வரத்தை சிஎஸ்வி கோப்பிலிருந்து படித்து வாரச் சராசரி போடும். அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று டெல்டாவில் எல்லாரும் போடுகிற கணக்குதான். ஆனால் சராசரி எப்போதும் குறைவாகவே வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. பார்த்தால், பிழையைப் பிடித்து எதுவும் செய்யாமல் விடும் எக்ஸெப்ட், பாஸ் அதில் இருந்தது.

முதலில், வெறும் எக்ஸெப்ட், அதன் கீழே பாஸ் என்று எங்கே இருந்தாலும் தூக்கிவிடுங்கள். பெயர் குறிப்பிடாத எக்ஸெப்ட், நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவதைக்கூட விழுங்கிவிடும். வேல்யூஎரர் என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள்.

பாஸுக்குப் பதில் தேதியை அச்சிடும் ஒரு பிரின்ட் போட்டதும் இரண்டு ட்ரேஸ்பேக் கொட்டின. மேலே வேல்யூஎரர், கீழே நேம்எரர். நடுவில், மேலுள்ள பிழையைக் கையாளும்போது இன்னொரு பிழை வந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இங்கேதான் எல்லாரும் வழி தவறுவது. ட்ரேஸ்பேக்கைக் கீழிருந்து படி என்று பழகியதால் நேம்எரர் பின்னால் ஓடுவோம். நடு வரியைப் பார்த்தால் மேல் பகுதிக்குப் போய், அதன் கடைசி வரியைப் படியுங்கள். மூலப் பிழை அங்கே இருக்கிறது: "12,400" என்ற சரத்தை ஃப்ளோட், அதாவது தசம எண், ஆக்க முடியவில்லை. காற்புள்ளிதான் காரணம். நீர்வரத்து ஆயிரத்துக்குக் குறைந்த நாட்களில் காற்புள்ளி இல்லை, அவை மட்டும் கணக்கில் ஏறின. சராசரி ஏன் குறைந்தது என்று இப்போது புரியும். ரீப்ளேஸ் போட்டுக் காற்புள்ளியை நீக்கினால் தீர்ந்தது.

சரி, நேம்எரர்? தேதி என்ற மாறி, ட்ரைக்குள் ஃப்ளோட் வரிக்கு அடுத்துதான் உருவாகிறது. முதல் பதிவிலேயே தடுக்கியதால் அது பிறக்கவே இல்லை. நடுவில் தடுக்கியிருந்தால் பிழையே வராது, முந்தைய நாளின் தேதியை அச்சிட்டிருக்கும். அது இன்னும் மோசம். ட்ரைக்குள் தடுக்கக்கூடிய ஒரே வரியை மட்டும் வையுங்கள்.

பிரின்ட்டைவிட லாகிங் மாட்யூலின் எக்ஸெப்ஷன் ஃபங்ஷன்தான் எனக்குப் பிடிக்கும், ட்ரேஸ்பேக்கையும் சேர்த்தே எழுதும். பைத்தான் 3.11-க்குக் கீழே இருந்தால் மேம்படுத்துங்கள். வரியில் எந்த இடம் என்று அடிக்குறி போட்டே காட்டும்.

பின்சேர்க்கை: எக்ஸெப்டே இல்லை, ஆனாலும் பிழை காணாமல் போகிறது என்று ஒருவர் கேட்டார். ட்ரை எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலிக்குள் ரிட்டர்ன் இருக்கிறதா பாருங்கள். அது வெளியே போகும் பிழையைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். 3.14 பதிப்பு இதற்கு எச்சரிக்கை தருகிறது.