பதின்பருவப் பிள்ளையை மனநல ஆலோசனைக்கு அழைத்துச் செல்வது எப்படி: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

“படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடம் தாங்குவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறான்” என்ற புகாரோடுதான் பெரும்பாலான பெற்றோர் ஆலோசகரைத் தேடத் தொடங்குகிறார்கள். வெளியே தெரியும் இந்த ஒரே அடையாளத்துக்குப் பின்னால் பதற்றம் இருக்கலாம், சிறுவயதிலிருந்தே தொடரும் கவனக்குறைபாடு (ADHD) என்னும் கோளாறு இருக்கலாம், அண்மையில் வீட்டிலோ பள்ளியிலோ நேர்ந்த ஒரு மாற்றத்தின் வலியும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆலோசனையின் போக்கு வேறு. ஆகவே யாரிடம் போகலாம் என்று விசாரிப்பதற்கு முன்னால், என்ன நடக்கிறது, எப்போது தொடங்கியது என்பதை இரண்டு வாரம் கவனித்து எழுதி வைப்பது நல்லது.

அந்தக் குறிப்பில் தீர்ப்பு எதுவும் இருக்கக் கூடாது. “சோம்பேறித்தனம்”, “திமிர்” போன்ற சொற்களால் ஆலோசகருக்கு எந்தப் பயனும் இல்லை. “7.10க்குக் கணக்கு நோட்டை எடுத்தான், மூன்றாவது கணக்கில் நின்றுவிட்டான், 7.25க்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன் திரும்பி வரவில்லை” என்று எழுதினால் அது மிகவும் பயன்படும். தூங்கிய நேரம், எழுந்த நேரம், சாப்பாடு, பள்ளிக்குக் கிளம்பும் காலைப் பொழுது, சண்டைக்கு முன் நடந்தது, எதற்குப் பின் அமைதியானான் என்பவை போதும். குறிப்பைப் பிள்ளைக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கத் தேவையில்லை. கேட்டால் காட்டக்கூடிய விதத்தில் எழுதுங்கள்.

பதற்றத்தைக் காட்டிக்கொடுப்பது நேரம். ஞாயிறு மாலையில் முகம் வாடுகிறது, திங்கள் காலையில் வயிற்றுவலி அல்லது குமட்டல் வருகிறது, பள்ளிக்குப் போக வேண்டாம் என்று முடிவானதும் பத்து மணிக்குள் வலி போய்விடுகிறது என்றால், அதை நடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வலி உண்மையானது, அதைக் கிளப்புவது அச்சம். விடுப்பு எடுத்த அன்று கிடைக்கும் நிம்மதியே மறுநாளைய அச்சத்தை வளர்க்கிறது என்பதுதான் இதன் சிக்கல். எழுதியதை அழித்து அழித்து எழுதுவது, வகுப்பில் சந்தேகம் கேட்க வாய் வராதது, “பாஸ் ஆயிடுவேன்ல?” என்று ஒரே கேள்வியை நாள்தோறும் கேட்டு உறுதிமொழி வாங்குவது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. சிலருக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்ற திகில் திடீரென்று வரும். அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தணியத் தொடங்கும். முதன்முறை வரும்போது மருத்துவரிடம் காட்டி இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்வது நியாயமே. அதன் பிறகும் ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தால் அச்சம்தான் கூடும்.

கவனக்குறைபாடு புதிதாக முளைப்பதில்லை. பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பிலேயே “கவனம் போதாது”, “பொருள்களைத் தொலைக்கிறான்” என்று ஆசிரியர் எழுதியிருக்கக்கூடும். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்பது நோயறியும் விதி. அதுவரை ஒழுங்காகப் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் திடீரென்று கவனம் சிதறினால், பெரும்பாலும் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். பெண் பிள்ளைகளிடம் இது தவறிப்போவது அதிகம். அவர்கள் வகுப்பில் ஓடுவதில்லை, குதிப்பதில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதால் “நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்” என்ற பெயரோடு பத்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. “மொபைலில் மட்டும் மூன்று மணி நேரம் விளையாட முடிகிறதே” என்ற வாதமும் எடுபடாது. நொடிக்கு நொடி பலன் தரும் விளையாட்டில் கவனம் நிற்பதும், பலன் தள்ளி வரும் வீட்டுப்பாடத்தில் நிற்காததும் இந்தக் குறைபாட்டின் இயல்பே.

மாற்றத்தால் வரும் துயரத்துக்கு ஒரு தேதி இருக்கும். அப்பா வளைகுடாவுக்கு வேலைக்குப் போனது, பாட்டி இறந்தது, பெற்றோர் பிரிந்தது, தமிழ்வழியில் படித்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறியது, விடுதியில் சேர்ந்தது என்று அந்தத் தேதிக்கு முன், பின் எனப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பதின்பருவத்தில் துக்கம் அழுகையாக வருவதைவிடக் கோபமாகவும் மௌனமாகவும் வருவது அதிகம். எல்லா மாற்றத்துக்கும் ஆலோசகர் தேவைப்படமாட்டார். தூக்கமும் பசியும் நண்பர்களும் சில வாரங்களில் பழையபடி திரும்புகிறார்கள் என்றால் பொறுத்திருக்கலாம். பள்ளிக்குப் போவதே நின்றுவிட்டால் காத்திருக்கக் கூடாது.

இவை தனித்தனியாகத்தான் வரும் என்பதும் இல்லை. கவனக்குறைபாட்டுக்காகப் பல ஆண்டுகள் திட்டு வாங்கிய பிள்ளைக்குப் பதற்றமும் சேர்ந்திருப்பது சகஜம். பிரித்தறிவது நிபுணரின் வேலை; உங்கள் குறிப்பு அவருக்கு உதவும், அவ்வளவுதான்.

இதற்கிடையே உடலையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை நம் வளரிளம் பெண்களிடம் பரவலாக உள்ளது. அதுவும் தைராய்டுக் கோளாறும் பார்வைக் குறைபாடும் சோர்வாகவும் கவனமின்மையாகவும் தோற்றம் தரக்கூடியவை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுந்து, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பி, பதினொன்றரை வரை வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு ஐந்தரை மணி நேரம்கூடத் தூக்கம் மிஞ்சுவதில்லை. அந்த நிலையில் எந்த மூளையும் சிதறத்தான் செய்யும். என் கருத்தில், பல வீடுகளில் ஆலோசனைக் கட்டணத்துக்கு முன்பாக நிறுத்த வேண்டியது அந்த அதிகாலை டியூஷனைத்தான்.

யாரிடம் போவது என்பதில் குழப்பம் அதிகம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் உளவியல் சோதனைகளும் சிகிச்சையும் தருபவர்; இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் என்ற பெயர்ப்பலகையை உளவியலோ சமூகப்பணியோ முறையாகப் படித்தவரும் மாட்டுகிறார், வார இறுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரும் மாட்டுகிறார் என்பதால், என்ன படித்தீர்கள், பதின்பருவத்தினரோடு எத்தனை ஆண்டு பணியாற்றியிருக்கிறீர்கள், எந்த நிலையில் மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். நல்ல ஆலோசகர் இதற்குக் கோபிக்கமாட்டார். விரல்ரேகையை வைத்துத் திறமையைக் கணிப்பது, நடுமூளையைத் தூண்டி நினைவாற்றலைப் பெருக்குவது போன்றவற்றுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. அவற்றை விற்கும் இடத்தில் ஆலோசனையையும் வாங்க வேண்டாம்.

பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 18 வயது வரை உள்ளவர்களின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் (DEIC) விசாரிக்கலாம். வீட்டை விட்டு நகர முடியாதபோது, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும், சிறார்களுக்கான 1098 எண்ணும் உள்ளன. பிள்ளையே நேரடியாக அழைக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் பல முயற்சிகள் முறிந்துபோகின்றன. சண்டை முடிந்த சூட்டில் “உன்னைக் கவுன்சிலிங்குக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்” என்று சொன்னால், ஆலோசனை தண்டனையாகிவிடும். பல் மருத்துவர் என்று ஏமாற்றி அழைத்துச் சென்றால் முதல் அமர்விலேயே நம்பிக்கை போய்விடும். எதிரெதிரே உட்கார்ந்து விசாரணைபோல் பேசாமல், வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ பக்கத்தில் இருந்தபடி, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “கொஞ்ச நாளா நீ ராத்திரி தூங்காம புரள்றது தெரியுது கண்ணு. ஸ்கூலுக்குக் கிளம்பறதும் கஷ்டமா இருக்கு. எனக்கும் எப்படி உதவறதுன்னு தெரியலை. இதுக்குன்னு படிச்சவங்க ஒருத்தர் இருக்காங்க, மூணு தடவை போய்ப் பார்ப்போம். பிடிக்கலைன்னா வேற ஆளைப் பார்க்கலாம்.” மதிப்பெண்ணைப் பற்றி இதில் ஒரு சொல்லும் வேண்டாம். பிள்ளை தன் சொந்தத் தொல்லைக்காக வர வேண்டும், உங்கள் புகாருக்காக அல்ல. ஆண் ஆலோசகரா பெண்ணா, எந்த நாள், எத்தனை மணி என்பதை அவனோ அவளோ தேர்ந்தெடுக்கட்டும். மறுத்தால் வற்புறுத்தாமல் முதல் அமர்வுக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். வீட்டில் உங்கள் பேச்சு மாறுவதைப் பார்த்துப் பின்னர் வரச் சம்மதிக்கும் பிள்ளைகள் உண்டு.

உறவினருக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்ற கவலை நியாயமானதே. சிகிச்சை பற்றிய விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. ஆனால் முதலில் அதை மீறுவது பெரும்பாலும் நாம்தான். சித்திக்கும் டியூஷன் ஆசிரியருக்கும் போனில் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது.

முதல் அமர்வு பொதுவாக முக்கால் மணி நேரம் நடக்கும். சிறிது நேரம் எல்லோரும் சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக, கடைசியில் பெற்றோர் என்று ஆலோசகர் பிரித்துக்கொள்வார். தனியாகப் பேசியவற்றில் எது உங்களிடம் வரும், எது வராது என்பதைப் பிள்ளையின் முன்னிலையிலேயே சொல்லச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பது தெரியவந்தால் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். மற்றவை பிள்ளையின் சொத்து. திரும்பும் வழியில் “என்ன கேட்டாங்க, என்னைப் பத்தி என்ன சொன்னே?” என்று குடையாமல், வழியில் ஒரு கடையில் பஜ்ஜியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

அதன் பின் வீட்டில் உங்களுக்கும் வேலை இருக்கும். பள்ளிக்குப் போக அஞ்சும் பிள்ளைக்கு ஆலோசகர் படிப்படியான திட்டம் ஒன்றை வகுப்பார்: முதலில் மாலையில் வெறும் பள்ளி வாசல் வரை, அடுத்து நூலகத்தில் ஒரு மணி நேரம், அடுத்து முதல் இரண்டு பாடவேளைகள், பிறகு மதியம் வரை. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால் படி சறுக்கிவிடும். சற்றுத் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். விடுப்புக் கடிதம் எழுதித் தரும் பழக்கத்தை நீங்கள் விட வேண்டியிருக்கும், அது பிள்ளையைவிட உங்களுக்குத்தான் கடினம். கவனக்குறைபாடு என்றால் வேலையை இருபது நிமிடத் துண்டுகளாக்குவது, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் குறிப்பது, போனை அடுத்த அறையில் வைப்பது, முதல் வரிசை இருக்கை கேட்பது என்று நடைமுறையில்தான் மாற்றம் வரும். மீதைல்பெனிடேட் போன்ற மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். கொடுத்தால் எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இடையில் நிறுத்திவிட வேண்டாம். கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழ் பெற நாளாகும் என்பதால் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். பெற்றோர் பிரிந்த வீட்டில், ஒருவர் செய்தியை இன்னொருவரிடம் சொல்லும் தூதராகப் பிள்ளையை ஆக்காதிருப்பது எந்த அமர்வுக்கும் குறையாத உதவி.

சாக வேண்டும் என்ற பேச்சு, கையில் கீறல் தழும்பு, திடீரென்று பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறப்பதில்லை. வீட்டிலோ தோட்டத்திலோ இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், தனியாக விடாதீர்கள், 14416 அல்லது 108ஐ அழையுங்கள். தேர்வு முடிவு வரும் நாளில் இதைச் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சி மருத்துவமனைக்குத் தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும் என்று 2017 சட்டத்தின் 115 ஆம் பிரிவு சொல்கிறது.

நான்கைந்து அமர்வுகளுக்குப் பின், என்ன மாறியிருக்கிறது என்று ஆலோசகரிடம் கேளுங்கள். மதிப்பெண் கடைசியில்தான் மாறும். அதற்கு முன் தூக்கம் சீராகும், பள்ளிக்குப் போகும் நாள்கள் கூடும், சண்டை வந்தாலும் சீக்கிரம் அடங்கும். இவற்றில் எதுவும் நகரவில்லை, பிள்ளைக்கும் அவரோடு ஒட்டவில்லை என்றால் ஆலோசகரை மாற்றுவதில் தவறில்லை. நன்றாகிவிட்டால் வாரம் ஒரு முறை என்பது மாதம் ஒரு முறையாகும், பிறகு நின்றுவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர் விடுதிக்குப் போகும் சமயத்தில் ஓரிரு அமர்வுகளை மறுபடி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எடுப்பவராக இருந்தால் சீட்டின் நகலையும், புதிய ஊரில் யாரைப் பார்ப்பது என்ற விவரத்தையும் பெட்டி கட்டும்போதே பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.